சி. சுப்பிரமணியம்: யாரும் கேட்காத இலாகாவை வாங்கியவர்

பரம்பிக்குளம் எழுதியது:

பசுமைப் புரட்சி பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் எம்.எஸ். சுவாமிநாதன், நார்மன் போர்லாக் என்ற இரண்டு பெயர்களோடு முடிந்துவிடுகிறது. மூன்றாவதாகச் சி. சுப்பிரமணியத்தின் பெயரை யாராவது எடுத்தால், "ஆமாம், அப்போது அவர்தான் மந்திரி" என்று மரியாதைக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. குட்டைரகக் கோதுமை விதையை உருவாக்கிய போர்லாக் மெக்சிகோவில் இருந்தார். சோதித்தவர்கள் டில்லி பூசா பண்ணையில் இருந்தார்கள். அந்த விதையை இந்த நாட்டு வயலில் இறக்குவதா வேண்டாமா என்ற சண்டை நடந்ததோ அமைச்சரவைக் கூட்டத்தில். அதை நடத்தி வென்றவர் பொள்ளாச்சிக்குப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர்.

1964 ஜூனில் சாஸ்திரி அமைச்சரவை அமைத்தபோது சி.எஸ். கையில் இருந்தது எஃகு, சுரங்கம், கனரகப் பொறியியல். பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் என்று அன்றைய இந்தியா மார்தட்டிக்கொண்ட அத்தனையும் அந்த இலாகாவுக்குள் அடக்கம். அதைக் கொடுத்துவிட்டு உணவும் வேளாண்மையும் வாங்கிக்கொண்டார். அந்த நாற்காலியை அரசியல்வாதிகளின் இடுகாடு என்று டில்லியில் சொல்லிச் சிரித்த காலம் அது. அதற்குமுன் அங்கே நல்ல பெயர் எடுத்தவர் ரஃபி அகமது கித்வாய் ஒருவர்தான். அவரும் பதவியில் இருக்கும்போதே காலமாகிவிட்டார்.

என் வாதம் இதுதான்: சி.எஸ்ஸுக்குப் பின்னால் திரண்டு நிற்கும் கூட்டம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. அதனால்தான் அந்த வேலையை அவரால் செய்ய முடிந்தது. அதே காரணத்தால்தான் தேர்தலில் தோற்று, பெயரையும் இழந்தார். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மறுக்கத்தான் வந்தேன். ஓர் அமைச்சரைத் தூக்கி நிறுத்துவதற்காகப் பின்னால் இருந்தவர்களை மறைக்க வேண்டாம். வேளாண் துறைச் செயலர் பி. சிவராமன் இல்லாமல் கோப்பு நகர்ந்திருக்காது. சாஸ்திரி பின்னால் நிற்காமல் அமைச்சரவை மசிந்திருக்காது.

கூட்டம் இல்லாதவர் என்பதில் மட்டும் நானும் உங்கள் பக்கம்தான். 1954-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குலக்கல்வித் திட்டத்தால் ராஜாஜி பதவி விலக நேர்ந்தபோது, காமராஜருக்கு எதிராகச் சட்டமன்றக் கட்சித் தலைவர் போட்டியில் நிறுத்தப்பட்டவர் சி.எஸ். காமராஜருக்கு 93 வாக்குகள், இவருக்கு 41. அந்த 41-ம் ராஜாஜிக்காக விழுந்தவை. சொந்தமாக எத்தனை விழுந்திருக்கும் என்று கணக்குப் போடாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

பரம்பிக்குளம் எழுதியது:

சரி, 1954 என்றே பேசுவோம். தோற்றவரை மறுநாளே அமைச்சரவையில் சேர்த்துக்கொள்வது காமராஜரின் சாமர்த்தியம் என்பார்கள். பக்தவத்சலத்தையும் அப்படித்தான் சேர்த்துக்கொண்டார். ஆனால் சி.எஸ்ஸுக்குக் கிடைத்த இலாகாக்களைப் பாருங்கள்: நிதி, கல்வி, உணவு. எதிரணிக்காரரை வாயடைக்க மட்டும் யாராவது கஜானாச் சாவியைக் கொடுப்பார்களா? அவர் இல்லாமல் வேலை நடக்காது என்று காமராஜருக்குத் தெரிந்திருந்தது.

ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் கைவிடுவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தவரும் இதே சி.எஸ்தான், கல்வி அமைச்சர் என்ற முறையில். தன் குருநாதரின் திட்டத்துக்குத் தானே முடிவுரை படிக்கும் நிலை. முகம் சுளிக்காமல் படித்தார். 1956-இல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்ததும் அவருடைய காலத்தில். மதிய உணவுத் திட்டத்தின் புகழ் காமராஜருக்குப் போனது நியாயமே. அதற்குப் பணம் ஒதுக்க வேண்டிய நிதிப் பெட்டி யாரிடம் இருந்தது என்பதையும் சொல்லிவிட்டுப் போகலாம்.

1962-இல் பொள்ளாச்சியிலிருந்து மக்களவைக்குப் போனார். அங்கிருந்து நேராக நடுவண் அமைச்சரவை.

கழனிக்காரர் எழுதியது:

நீங்கள் இருவரும் வாக்குக் கணக்கிலேயே நிற்கிறீர்கள். விதையையே பேசுகிறவர்கள் மறக்கிற ஒன்றைச் சொல்கிறேன்: விலை.

அதுவரை அரசாங்கத்தின் உணவுக் கொள்கை என்றால் நகரத்தில் சோறு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான். விளைச்சல் குறைந்தால் உழவனிடம் கட்டாயக் கொள்முதல், விளைச்சல் அதிகமானால் விலை சரிந்து அதே உழவன் நடுத்தெருவில். போதாததற்கு அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 என்ற உணவு உதவிச் சட்டத்தின்கீழ்க் கோதுமை வந்து குவிந்தது. 1960-இல் எஸ்.கே. பாட்டீல் உணவு அமைச்சராக இருந்தபோது கையெழுத்தான ஒப்பந்தம் ஒன்றில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் டன் தானியம். ரூபாயிலேயே பணம் கட்டலாம் என்பதால் டில்லிக்கு அது இனித்தது. வெளியூர்க் கோதுமை மலிவாக வந்து இறங்கும்போது நம் உழவன் எதற்காக உரம் வாங்கிப் போடுவான்?

சி.எஸ். இங்கேதான் கைவைத்தார். எல்.கே. ஜா தலைமையில் குழு அமைத்தார். 1965 ஜனவரியில் வேளாண் விலை ஆணையம் வந்தது. பொருளியல் அறிஞர் தாந்த்வாலா அதன் முதல் தலைவர். அதே மாதம் இந்திய உணவுக் கழகமும் தொடங்கியது. விலையை முன்கூட்டியே அறிவிப்பது ஒரு பக்கம், அந்த விலைக்கு வாங்க ஆள் இருப்பது இன்னொரு பக்கம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது வெறும் காகிதம். குட்டைரகக் கோதுமைக்கு உரமும் தண்ணீரும் அதிகம் வேண்டும், அதற்குக் கடன் வாங்க வேண்டும். விலை என்ன என்று தெரியாமல் கடன் வாங்குகிற உழவன் உலகத்தில் எங்கேயும் இல்லை.

உணவுக் கழகத்தின் தலைமையகம் முதலில் சென்னையில்தான் இருந்தது என்பதும், பணி தொடங்கிய இடம் தஞ்சாவூர் என்பதும் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு மழையில் காத்துக்கிடக்கும்போது நாங்கள் திட்டுகிற ஏற்பாடு முழுவதும் அன்று தொடங்கியதுதான். திட்டினாலும் அது வேண்டும். அதை எடுத்துவிடப் போகிறார்கள் என்ற அச்சம் வந்தபோது பஞ்சாப் உழவர்கள் டில்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்தார்களே, அது எதைக் காக்க?

பரம்பிக்குளம் எழுதியது:

அருமை, கழனிக்காரர் ஐயா. அமைச்சரவைச் சண்டையையும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எதிர்ப்பு ஒரே திசையிலிருந்து வரவில்லை. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் கேள்வி நேரடியானது: உரம் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணிக்கு எங்கே போவது? இரண்டு தமிழர்கள் டில்லியில் எதிரெதிரே உட்கார்ந்து யூரியாவுக்காக மல்லுக்கு நின்ற காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். திட்டக்குழுவில் இருந்தவர்களுக்குத் தொழிற்சாலைதான் வளர்ச்சி. நிலச்சீர்திருத்தமும் கூட்டுறவும் ஒழுங்காக நடந்தால் விளைச்சல் தானாகவே உயரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இடதுசாரிகளுக்கு அமெரிக்கா மேல் சந்தேகம். அறிவியலாளர்களில் ஒரு சாரார்கூட, வெளிநாட்டு விதை புதிய நோயைக் கொண்டுவரும், சின்னச் சோதனையை நம்பிப் பெரிய பரப்பில் இறங்கக் கூடாது என்றார்கள். இந்தக் கடைசி எதிர்ப்பு மட்டும் நியாயமானது என்பேன்.

சி.எஸ். என்ன செய்தார்? முதலில் ஆராய்ச்சித் துறையையே கலைத்து அடுக்கினார். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கு அதுவரை ஐ.சி.எஸ். நிர்வாக அதிகாரிகளே தலைமை வகித்தார்கள். பயிருக்கு ஒரு குழு, பண்டத்துக்கு ஒரு குழு என்று ஆராய்ச்சி நிலையங்கள் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து, தலைமை இயக்குநராக ஓர் அறிவியலாளரை, கோதுமை ஆய்வாளர் பி.பி. பால் என்பவரை உட்கார்த்தினார். இயற்பியல் படித்த அமைச்சர் என்பது இங்கே உதவியிருக்கலாம். அதிகாரிகளுக்குக் கசந்திருக்கும், சந்தேகமே இல்லை.

பிறகு விதை. 1965-இல் மெக்சிகோவிலிருந்து 250 டன். சோனோரா 64, லெர்மா ரோஜோ என்ற இரண்டு ரகங்கள். உழவர் வயல்களிலேயே செயல்விளக்கத் திடல்கள் போட்டுக் காட்டினார்கள். பார்த்த உழவன் விதையைக் கேட்கத் தொடங்கினான். 1966-இல் 18,000 டன் வாங்கினார்கள். அதற்குமுன் எந்த நாடும் இவ்வளவு விதையை ஒரேயடியாக வாங்கியதில்லை என்று சொல்வார்கள். இடையில் தன் டில்லி பங்களாவின் புல்தரையை உழுது கோதுமை விதைத்துவிட்டார். வருகிற எம்.பி.க்களுக்குக் காட்டுவதற்காகவாம்! கொங்குநாட்டு வெள்ளாளருக்குச் சும்மா கிடக்கும் மண்ணைப் பார்த்தால் கை அரித்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நடுவில் இரண்டு ஆண்டுகள் வானம் கைவிட்டது. 1964-65-இல் 8.9 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் 1965-66-இல் 7.2 கோடிக்குச் சரிந்தது. அடுத்த ஆண்டும் 7.4 கோடிதான், பீகாரில் பஞ்சம். 1966-இல் இறக்குமதி ஒரு கோடி டன்னைத் தாண்டியது. கப்பல் வந்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலை. அந்த நேரத்தில் புதிய விதையை நம்பிக் காசைப் போட்டவருக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்திருக்க வேண்டும்!

எதிர்த்துறை எழுதியது:

புல்தரைக் கதையைக் கேட்டுக் கண்கலங்குவதற்குமுன் ரோம் நகரத்துக் கதையையும் கேளுங்கள்.

1965 நவம்பரில் உலக உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் மாநாட்டுக்காக ரோம் போன சி.எஸ்., அமெரிக்க வேளாண் செயலர் ஆர்வில் ஃப்ரீமனை அங்கே தனியாகச் சந்தித்து ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். வேளாண்மைக்கு இவ்வளவு ஒதுக்குவோம், உரத்துக்கு இவ்வளவு செலவிடுவோம், இன்ன கொள்கையை மாற்றுவோம் என்று உறுதி. பதிலுக்குக் கோதுமைக் கப்பல் தொடரும். அது பகிரங்கப்படுத்தப்படவில்லை. டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அதே அம்சங்கள் இந்திய அரசின் சொந்த முடிவுகளாக அறிவிக்கப்பட்டன. அதே மாதம் உரத் தொழிலில் அந்நிய முதலீட்டுக்கு விலை நிர்ணய உரிமை, விநியோக உரிமை என்று சலுகைகள். ஆண்டின் கடைசி நாள் டி.டி.கே. ராஜினாமா. அவர் போனதற்கு வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. அதனால் யாருக்கு வழி திறந்தது என்பது ஊருக்கே தெரியும்.

1966 ஜூன் 6-ஆம் தேதி டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது ஒரே இரவில் 7.50 ஆனது. அந்த முடிவை ஆதரித்த சிறு வட்டத்தில் திட்ட அமைச்சர் அசோக் மேத்தாவோடு சி.எஸ்ஸும் இருந்தார். கட்சித் தலைவர் காமராஜருக்கே தெரியாமல் காதும் காதும் வைத்ததுபோல் நடந்த காரியம். கூட்டம் இல்லாதவர் என்பதை ஒரு தகுதிபோலச் சொல்கிறீர்கள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று அதற்கு இன்னொரு பொருளும் உண்டு.

வரப்பு எழுதியது:

ரோம் உடன்பாடு நடந்தது உண்மை. ஆனால் யார் யாரைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது கேள்வி. அதில் எழுதியிருந்தவற்றில் பெரும்பகுதி சி.எஸ். ஓராண்டுக்கும் மேலாக அமைச்சரவையில் கேட்டுக்கொண்டிருந்தவை. விலை ஆணையம், உணவுக் கழகம், விதைச் சோதனை எல்லாம் ரோமுக்கு முன்பே தொடங்கியாகிவிட்டன. உள்ளூரில் நகராத கோப்பை வெளியூர் நெருக்கடியைக் காட்டி நகர்த்தினார் என்பதுதான் என் வாசிப்பு. சூது என்று சொல்லுங்கள், அடிமைத்தனம் என்று சொல்ல முடியாது.

அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமைக் கப்பல்களை மாதாமாதம் எண்ணி எண்ணி அனுப்பிய காலம் அது. வியட்நாம் பற்றி டில்லி வாய் திறந்தால் கப்பல் தாமதமாகும். அந்தக் கயிற்றை அறுப்பதற்கு, கயிறு பிடித்தவனிடமே கத்தியை வாங்கினார் என்றுதான் நான் பார்க்கிறேன்.

பணமதிப்புக் குறைப்பில் மட்டும் எதிர்த்துறை சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. அது அரசியல்ரீதியாகக் காங்கிரஸுக்கே வைத்த வேட்டு.

மொழிப்பற்று எழுதியது:

தமிழ்நாட்டில் சி.எஸ். பற்றிய இழை இவ்வளவு தூரம் வந்தும் 1965 பிப்ரவரி வரவில்லை என்றால் வியப்பாக இருக்கிறது.

இந்தித் திணிப்புக்கு எதிராக ஜனவரி இறுதியில் மதுரையில் மூண்டது மாநிலம் முழுக்கப் பரவியது. மாணவர்கள் தெருவில், காவல்துறை துப்பாக்கியோடு. பக்தவத்சலம் ஆட்சி இறங்கிவர மறுத்தது. பிப்ரவரி 11-ஆம் தேதி சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் நடுவண் அமைச்சரவையிலிருந்து ராஜினாமா செய்தார்கள். சாஸ்திரி அக்கடிதங்களைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனிடம் அனுப்பினார். அவர் ஏற்கச் சம்மதிக்கவில்லை. அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்ற நேருவின் வாக்குறுதி காக்கப்படும் என்றார். பிறகு இருவரும் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார்கள்.

ஒரு நாள் ராஜினாமா என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. என் கணக்கு வேறு. அதே அமைச்சரவையில் இருந்த மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டுத் தெருவின் சூடு புரிந்தது அந்த இரண்டு கடிதங்களால்தான்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

சூடு புரிந்தது தெருவால். கடிதம் பின்னாலேயே வந்தது. பதினைந்து நாள் பொறுத்திருந்து எழுதிய கடிதம் அது.

மொழிப்பற்று எழுதியது:

பதினைந்து நாள் தாமதம் என்றாலும் எழுதினார்கள் அல்லவா? மற்ற தமிழக காங்கிரஸ் தலைவர்கள் எத்தனை பேர் எழுதினார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள் பார்ப்போம்.

வரப்பு எழுதியது:

பட்டியல் போடுவதற்குமுன் 1967-க்கு வருவோம். அங்கேதான் பரம்பிக்குளம் சொன்ன வாதத்தின் சாறு இருக்கிறது.

அந்தத் தேர்தலின் முழக்கமே அரிசி. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று தி.மு.க. ஊரூராகச் சொன்னது. எதிரே நிற்பவர் இந்தியாவின் உணவு அமைச்சர்! இரண்டு ஆண்டு வறட்சி, ரேஷன் வரிசை, மொழிப்போரின் வடு, ரூபாய் மதிப்பு என்று எல்லாம் ஒன்றாகத் தலையில் விழுந்தது. 39 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 3. விருதுநகரில் காமராஜரே தோற்ற தேர்தலில் சி.எஸ். தோற்றதில் வியப்பில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1967-68-இல் மழை பெய்தது. மொத்த விளைச்சல் 9.5 கோடி டன். கோதுமை மட்டும் 1.65 கோடி. பஞ்சாபில் சாக்குப் போதாமல், கிடங்கு போதாமல், பள்ளிக்கூடங்களை மூடி அங்கே கொட்டினார்கள். 1968 ஜூலையில் கோதுமைப் புரட்சிக்கு அஞ்சல்தலை வெளியிட்டார் இந்திரா காந்தி. அப்போது உணவு அமைச்சர் ஜகஜீவன் ராம். விதைத்தவர் நாடாளுமன்றத்திலேயே இல்லை.

தெற்குத்தெரு எழுதியது:

இந்த இழையில் எல்லோரும் கோதுமையையே பேசுகிறீர்கள். நாங்கள் தின்பது நெல். தஞ்சையில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் 1960-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தபோது குறுவை பிடித்தது. பிறகு ஐ.ஆர். 8 வந்தது. விளைச்சல் கூடியது உண்மை. கூடிய விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியும் கூடவே வந்தது. அறுப்புக் கூலியாக அரைப்படி நெல் அதிகம் கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். அஞ்சல்தலை வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

இதற்குச் சி.எஸ். பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் உயர்ந்த விளைச்சலை உடையவனிடம் கொடுத்துவிட்டு, உழைப்பவனுக்கு அது சொட்டுச் சொட்டாக வந்து சேரும் என்று நம்பிய கொள்கை அது. தண்ணீரும் பணமும் இருக்கிற மாவட்டங்களில் முதலில் விதை போடுவோம் என்பதுதான் அதன் அடிப்படை. மானாவாரிக்காரனுக்கு அதில் இடமில்லை. கேழ்வரகும் கம்பும் பயறும் ஓரங்கட்டப்பட்டன. பஞ்சாபில் நிலத்தடி நீர் எங்கே போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

கழனிக்காரர் எழுதியது:

தெற்குத்தெரு சொல்வதில் முதல் பாதியை மறுக்கமாட்டேன். இரண்டாம் பாதியில் ஒரு சிக்கல். பஞ்சாபில் இலவச மின்சாரம் கொடுத்து நெல்லைப் பரப்பியது பின்னால் வந்த அரசுகள். மானாவாரியையும் பயறையும் மறந்தவர்களும் அவர்கள்தான். மூன்றாண்டில் பஞ்சத்தை நிறுத்தப் போட்ட திட்டத்தை அறுபதாண்டு அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் போட்டவன் என்ன செய்வான்? கொள்கைக்கும் பட்டம் மாற வேண்டாமா?

தெற்குத்தெரு எழுதியது:

போட்டவர் அதன்பின் முப்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தார், ஐயா. அதில் பாதிக் காலம் டில்லியில் செல்வாக்கோடும் இருந்தார். திட்டக்குழுவின் துணைத் தலைவராகவும் இருந்தார். மாற்றச் சொல்லிக் கேட்க வாய்ப்பே இல்லாத ஆள் இல்லை.

எதிர்த்துறை எழுதியது:

டில்லி செல்வாக்கு என்றதும் நெருக்கடி நிலை நினைவுக்கு வருகிறது. அதைத் தொடாமல் இந்த இழையை முடித்துவிட முடியாது.

1969-இல் காங்கிரஸ் உடைந்தபோது சி.எஸ். காமராஜர் பக்கம் நிற்கவில்லை. இந்திரா அணிக்குப் போய் அதன் இடைக்காலத் தலைவராகவும் இருந்தார். 1971-இல் அந்த அணி தி.மு.க.வோடு சேர்ந்து, தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில்கூட நிற்காமல் ஒதுங்கிக்கொண்டது. இந்த மண்ணில் காங்கிரஸ் அதன்பின் தன் காலில் நின்றதே இல்லை. திட்டம், தொழில் வளர்ச்சி என்று இலாகாக்கள் பார்த்து, 1974 அக்டோபரில் நிதியமைச்சரானார்.

1975 ஜூன் 26 காலை ஆறு மணிக்கு அமைச்சரவையைக் கூட்டி, முந்தின இரவே அறிவித்துவிட்ட நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கேட்டார்கள். வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டவர் பாதுகாப்பு அமைச்சர் ஸ்வரண் சிங் மட்டும். நிதியமைச்சர் பேசவில்லை. 1965-இல் மொழிக்காக ராஜினாமா எழுதியவர் 1975-இல் எங்கே போனார்?

பரம்பிக்குளம் எழுதியது:

பேசவில்லை. அதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அவருடைய இலாகாவுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சேர்த்துப் படியுங்கள். 1975 டிசம்பரில் நிதியமைச்சகத்திலிருந்து வருவாயும் வங்கியும் பிரிக்கப்பட்டு, தனிப் பொறுப்போடு பிரணாப் முகர்ஜி என்ற இளைஞரிடம் போயின. வரிச் சோதனையும் வங்கிக் கடனும் யார் கையில் இருக்க வேண்டும் என்று சஞ்சய் காந்தி வட்டம் விரும்பியது எல்லோரும் அறிந்தது. சி.எஸ். கையில் மிஞ்சியது பட்ஜெட் உரை. சொன்னபடி கேட்கிறவராக இருந்திருந்தால் இலாகாவைப் பிளந்திருக்க வேண்டியதில்லையே?

இன்னொரு வேடிக்கை. அவர் நிதிக்கு வந்தபோது மொத்த விலைப் பணவீக்கம் 30 விழுக்காட்டைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. 1975-76-இல் விலைவாசி முந்தைய ஆண்டைவிடக் கீழே போனது. பாராட்டு சி.எஸ்ஸுக்கு. ஆனால் ஊதியத்தை முடக்கிய, ஈவுத்தொகையைக் கட்டுப்படுத்திய கசப்பு மருந்தெல்லாம் 1974 ஜூலையில் முந்தைய நிதியமைச்சர் ஒய்.பி. சவாண் கொடுத்துவிட்டுப் போனது. மழையும் நன்றாகப் பெய்து 12 கோடி டன் விளைந்தது. உணவில் இவர் விதைத்ததை ஜகஜீவன் ராம் அறுத்தார். நிதியில் சவாண் விதைத்ததை இவர் அறுத்தார். டில்லியில் கணக்கு இப்படித்தான் நேராகும்போல.

என்னைக் கேட்டால், நிதியமைச்சராக அவர் பெயர் சொல்ல நிற்பது வட்டார ஊரக வங்கிகள்தான். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கின. நம் ஊர்களில் பாண்டியன் கிராம வங்கி என்று இருந்ததே, அந்த வழியில் வந்தது.

வரப்பு எழுதியது:

1977-இல் நாடே இந்திராவைத் தோற்கடித்தபோது பழனியில் சி.எஸ். வென்றார். மறு ஆண்டு கட்சி மீண்டும் உடைந்தபோது இந்திராவோடு போகவில்லை. 1979-இல் சரண் சிங்கின் சில மாத அரசில் பாதுகாப்பு அமைச்சர். நாடாளுமன்றத்தை ஒருநாள்கூடச் சந்திக்காத அரசு அது. எஃகு, உணவு, திட்டம், தொழில், நிதி, பாதுகாப்பு என்று இத்தனை இலாகாக்களைப் பார்த்த இன்னொரு தமிழரை எனக்குத் தெரியாது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

1990-இல் மகாராஷ்டிர ஆளுநர் ஆனதை விட்டுவிட்டீர்கள். 1993 ஜனவரியில் பதவி விலகினார். காரணம், கோவாவில் தனிப்பட்ட பேச்சில் பிரதமர் நரசிம்ம ராவின் செயல்பாட்டைக் குறை சொன்னது செய்தித்தாளில் வந்துவிட்டது. 82 வயதில், ஆளுநர் மாளிகையில் இருந்துகொண்டு, மனதில் பட்டதைச் சொல்லிவிட்டார். சொன்னதை மறுத்துச் சமாளிக்காமல் போய்விட்டார்.

எதிர்த்துறைக்கு நான் சொல்வது: இந்த மனிதரிடம் பதவியை விடும் துணிச்சல் 1965-இலும் இருந்தது, 1993-இலும் இருந்தது. அப்படிப்பட்டவர் 1975-இல் சும்மா இருந்தார் என்பது எனக்கு இன்னும் பெரிய குற்றமாகப் படுகிறது. கோழை பேசாமல் இருந்தால் புரிந்துகொள்ளலாம்.

பரம்பிக்குளம் எழுதியது:

கடுமையான தீர்ப்பு. 1998-இல் பாரத ரத்னா கொடுத்தவர்கள் இந்த வரியை விட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

ஆனால் ஏட்டுச்சுவடி, 1965-ஐயும் 1975-ஐயும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். 1965-இல் கடிதத்தைப் பிரதமர் மதித்தார், குடியரசுத் தலைவர் திருப்பினார். தமிழ்நாட்டில் தெரு கொதித்துக்கொண்டிருந்தது. 1975-இல் கடிதம் எழுதியிருந்தால் தணிக்கை அதை அச்சில் வரவிட்டிருக்காது. அவருக்காகத் தெருவில் இறங்க ஆளும் இல்லை. கூட்டம் இல்லாதவர் என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதற்கும் பொருந்துமா என்று யோசியுங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பொருந்தாது. ராஜினாமாக் கடிதம் எழுதக் கூட்டம் வேண்டியதில்லை, பேனா போதும். ஸ்வரண் சிங் கேள்வி கேட்டபோது அவர் பின்னால் எந்தக் கூட்டம் நின்றது? அந்த ஆண்டு கடைசியில் அவருக்குப் பதவி போனது, உயிர் போகவில்லை.

கழனிக்காரர் எழுதியது:

நீங்கள் இருவரும் 1975-ஐ விடிய விடிய அரைத்துக்கொண்டிருங்கள். எனக்கு வேறொன்று கேட்க வேண்டும். இறந்த ஆண்டான 2000-இல், தொண்ணூறு வயதில், சிறு உழவர்களுக்கென்று ஒரு வேளாண் அறக்கட்டளையை அவர் தொடங்கினார். தெற்குத்தெரு கேட்ட மானாவாரிக் கேள்விக்கு அங்கே ஏதாவது பதில் தேடினார்களா? அதில் பணியாற்றியவர்களோ, அந்த ஊர்க்காரர்களோ யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள். மண் பரிசோதனை, சிறுதானியம், நீர்ப்பிடிப்பு என்று எதில் இறங்கினார்கள், அது எவ்வளவு நாள் ஓடியது என்பது எனக்குப் பாரத ரத்னாவைவிட முக்கியம்.